கேரியரைக் கழற்றுடா, மாப்ள

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லாரும் சுகம். பெரியவளுக்குப் பரீட்சை முடிஞ்சுது, அம்மாவுக்கு முட்டிவலி வழக்கம்போல. இத்தனை நாள் எழுதாததுக்கு நேரில் வந்து திட்டிக்கோ. இப்போ உன் பட்டியலுக்கு வர்றேன்.

கோயம்புத்தூரிலிருந்து லடாக்குக்கு மஹிந்திரா தார் ஜீப்பில் போறே, சந்தோஷம். ஆனா நீ அனுப்பினது வண்டிக்கான பட்டியலா, சீர்வரிசைத் தட்டா? மூர்த்திகிட்ட காட்டினேன். "கிரைண்டர் எங்கே?"ன்னு கேட்டான்.

கூட்டிப் பார்த்தேன். கூரை மேல மாட்டுற கேரியர் 40 கிலோ, கூரைக் கூடாரம் 60, வின்ச்சும் (சிக்கின வண்டியைக் கயிறு சுருட்டி இழுக்கிற மோட்டார்) இரும்பு பம்பரும் 90, டீசல் நிரம்பிய கேன் ரெண்டு 42, தண்ணி 40, ரெண்டாவது பேட்டரி 25, ஃபிரிட்ஜ் சாமானோட 25, டூல்ஸ் 40. ஆள் மூணு பேர், 210. மொத்தம் 572 கிலோ. துணிமணி, சமையல் சாமான் இன்னும் ஏறலை. வண்டி தாங்குற மொத்த எடை கையேட்டில் இருக்கு. அதில் காலி எடையைக் கழிச்சுப் பாரு, உனக்கே தெரியும்.

அதுவும் உன் வண்டியில் இருக்கிறது வெளியே வாங்கி மாட்டின ஃபைபர் டாப். அதுமேல கேரியரை நிறுத்தினா போல்ட் துளையிலிருந்து கீறல் விட ஆரம்பிக்கும். எடை உச்சியில் ஏற ஏற, சரிவில் வண்டி சாயறதும் கூடும். பம்பரை மறந்துடு. புல்பாருக்கு, அதாவது முன்னால மாட்டுற அந்த இரும்புத் தடுப்புக்கு, 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் தடை சொல்லியாச்சு. வின்ச் உனக்கு எதுக்கு? லடாக் சாலையில் சிக்கினா பின்னால வர்ற லாரிக்காரர் இழுத்து விடுவார். சேஸிஸில் போல்ட் பண்ணின கொக்கி, நல்ல பட்டைக் கயிறு, எடை முத்திரை அடிச்ச ஷேக்கிள் (கயிறு மாட்டுற இரும்பு வளையம்) ரெண்டு இருந்தா போதும். டிரெய்லர் மாட்டுற பந்து வடிவ டோ ஹிட்ச்சில் மட்டும் கயிறு மாட்டவே கூடாது. அது முறிஞ்சா குண்டு மாதிரி பறக்கும்.

டீசல் கேன் ரெண்டு எதுக்குன்னும் கணக்குப் போடு. மணாலி-லே ரோட்டில் டாண்டி பங்கில் இருக்கிற அந்தப் பிரபலமான பலகை, அடுத்த பங்க் 365 கி.மீ.ன்னு சொல்லுது. உன் டேங்க் 60 லிட்டர். மலையில் லிட்டருக்கு 9 கிடைச்சாலும் 540 கி.மீ. ஓடும். லேயிலிருந்து ஹான்லே கிராமம் போக வர ஏறத்தாழ 500 கி.மீ., அதோட உம்லிங் லா கணவாய். அதுக்கு மட்டும் ஒரு இரும்புக் கேன், அதையும் லேயில் நிரப்பிக்கோ. 20 லிட்டர் கேனில் 18 போதும். உயரத்தில் கேன் உப்பும், மூடியை மெதுவாத் திற.

இப்போ பட்டியலில் இல்லாதது. வண்டி படுக்கிறது பெரும்பாலும் லடாக்கில் இல்லடா, போற வழியில். ஜூன் மாசம் நாக்பூர் பக்கம் 42 டிகிரி வெயிலில், பாரத்தோட, மணிக்கு 90 கி.மீ.யில் நாள் முழுக்க ஓட்டும்போதுதான் வீல் பேரிங் கத்தும், பழைய டயர் வெடிக்கும். நாலு பேரிங்கையும் பார்த்து முன்பக்கம் ரெண்டுக்கும் புது கிரீஸ் வை. ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டு போற புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கையால் திருப்பி ஆட்டு. அதோட மூட்டான கிராஸில் கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் மாத்திடு. டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319ன்னா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் தயாரிச்சது. ஸ்டெப்னியையும் பாரு, அதைத்தான் எல்லாரும் விட்டுடுவாங்க.

மலையில் டயர் வெடிக்கும், காத்தை இறக்குன்னு யாராவது சொன்னா கேட்காதே. வெளியே காத்தழுத்தம் குறையறதால கேஜ் 6, 7 பி.எஸ்.ஐ. ஏறும், குளிர் அதில் முக்கால்வாசியைத் தின்னுடும். 35 டிகிரியில் 32 வச்சா, 5,000 மீட்டரில், பூஜ்யம் டிகிரியில் 33, 34தான் காட்டும். காலையில் வண்டி எடுக்கிறதுக்கு முன்னால பாரு. மணலில் மட்டும் 18, 20க்கு இறக்கு, திரும்ப ஏத்த சின்ன கம்ப்ரஸர் வச்சுக்கோ.

கூலன்ட் பாதிக்குப் பாதி, டிஸ்டில்டு வாட்டரில். ரேடியேட்டர் மூடியைப் புதுசா வாங்கு. 5,000 மீட்டரில் தண்ணி 83 டிகிரியிலேயே கொதிக்கும், எஞ்சின் ஓடறதோ 90 டிகிரி பக்கம். கூலன்ட் கொதிக்காம இருக்கிறது அந்த மூடியில் இருக்கிற ஸ்பிரிங்கும் ரப்பரும் பிடிச்சு வைக்கிற அழுத்தத்தால். "ஹீட் ஆகுது"ன்னு நம்ம ஊர் மெக்கானிக் எவனாவது தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடாகிற வரை கூலன்ட்டைத் தடுக்கிற வால்வு) கழற்றியிருந்தா திரும்ப மாட்டு, இல்லேன்னா குளிரில் எஞ்சின் சூடே ஏறாது.

பிரேக் ஆயில் முழுசும் மாத்தணும், மேலே ஊத்தி நிரப்புறது போதாது. அது ஈரத்தை இழுக்கும். டாட் 4 புதுசில் 230 டிகிரி தாங்கும், ஈரம் ஏறினா 155. இறக்கத்தில் அந்த வித்தியாசம் உன் பாதத்துக்குத் தெரியும். ஆக்ஸில் மூச்சு விடுற பிரீதர் குழாயை உயரத்துக்கு இழுத்துக் கட்டு. சூடான ஆக்ஸில் பனியோடையில் இறங்கினா உள்ளே காத்து சுருங்கி, சீல் வழியா தண்ணியை உறிஞ்சும். ஓடைகளைக் காலையிலேயே தாண்டிடு, மதியம் பனி உருகித் தண்ணி ஏறிடும். லீஃப் ஸ்பிரிங் யூ-போல்ட்டை 500 கி.மீ. ஓடினதும் திரும்ப இறுக்கு. ஸ்பேரில் சென்டர் போல்ட், டீசல் ஃபில்டர் ரெண்டு, ஏர் ஃபில்டர், பெல்ட், ஹோஸ். அப்புறம் ஃபோர் வீல் லீவரை மாசம் ஒருமுறை மண் ரோட்டில் போட்டு எடு. காய்ஞ்ச தார் ரோட்டில் போடாதே, ரெண்டு ஆக்ஸிலும் ஒண்ணோடொண்ணு முறுக்கிக்கும்.

கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கியே, அப்பாவும் வர்றார்னு. அதைப் படிச்சுட்டுதான் இந்தக் கடிதமே எழுதறேன். மணாலி வழியா ஏறி 4,290 மீட்டரில் சர்ச்சுவில் அவரைப் படுக்க வைக்காதே. ஸ்ரீநகர் வழியா போ, உயரம் படிப்படியா ஏறும். ஸ்ரீநகர் 1,585, கார்கில் 2,680, லே 3,500. ஒவ்வொரு இடத்திலும் ராத்திரி தங்கு, லேயில் குறைஞ்சது மூணு ராத்திரி. திரும்பும்போது மணாலி வழியா இறங்கிக்கோ. டாக்டரைப் பார்த்துட்டுக் கிளம்பு. தலைவலியோட வாந்தி, தடுமாற்றம், படுத்தா மூச்சு முட்டுதுன்னா சின்ன ஆக்ஸிஜன் டப்பாவை நம்பாதே, உடனே கீழே இறங்கு. அவரைப் பின்னால பக்கவாட்டு பெஞ்சில் உட்கார வச்சா நான் லதாவிடம் சொல்லிடுவேன். முன்சீட்டு அவருக்குத்தான்.

எல்லாம் ஏத்தி, ஆளும் ஏறி, எடை மேடைக்குப் போ. முன் ஆக்ஸில் தனி, முழு வண்டி, பின் ஆக்ஸில் தனின்னு மூணு சீட்டு வாங்கி அனுப்பு. பின் ஆக்ஸில் கணக்கைப் பார்த்துட்டு எதை இறக்கணும்னு சொல்றேன்.

அன்புடன்,
ரவி