தடுப்பு நகர்கிற இரவே சிக்னலும் மாறட்டும்

சென்னையில் சாலைப் பணிகளையும் போக்குவரத்தையும் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஆற்காடு சாலையில் தினமும் வேலைக்குப் போய்வருகிறவன் நான். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி எங்கள் வாசலில்தான் நடக்கிறது. மூன்று வழித்தடங்கள், 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். ஆழ்வார்திருநகரிலிருந்து ஆலப்பாக்கம் வரை இரண்டு வழித்தடங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகப் போகின்றன. முதலிலிருந்தே ஒடுக்கமான சாலை. அதன் நடுவே தூண் எழுப்பினால் நெரிசல் வரத்தான் செய்யும். அதைப் பற்றிப் புகார் சொல்ல இதை எழுதவில்லை. மெட்ரோ எங்களுக்கு வேண்டும், அதற்காகப் பொறுத்துக்கொள்ளவும் தயார். ஆனால் பொறுக்கத் தேவையில்லாத ஒன்றும் இதில் கலந்திருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை நேரம். எந்தச் சந்திப்பு என்பது வேண்டாம். நான்கு சாலைகளில் ஒன்றைத் தகரத் தடுப்பு வைத்து முழுசாக மூடியிருந்தார்கள். அந்த மூடிய சாலைக்கு சிக்னல் பச்சை காட்டிக்கொண்டிருந்தது. 40, 39, 38 என்று எண்கள் இறங்குகின்றன, அந்தப் பக்கமிருந்து வர ஒரு சைக்கிள்கூட இல்லை. எங்கள் பக்கம் பேருந்து, தண்ணீர் லாரி, ஷேர் ஆட்டோ, இடுக்கிலெல்லாம் பைக்குகள். பின்னால் ஒரு 108 வண்டி அலறுகிறது. ஒதுங்கி வழிவிட எல்லோருக்கும் மனம் இருக்கிறது, ஒதுங்க இடம்தான் இல்லை, ஓரத்திலும் தடுப்பு. இப்படியே மூன்று சுற்று போனது. கடைசியில் ஒரு காவலர் நடுவில் இறங்கி, கையைக் காட்டி, அந்த வண்டியை அனுப்பினார். உள்ளே இருந்தவர் பிழைத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த நாற்பது நொடியை என்னால் மறக்க முடியவில்லை.

சாலையின் வடிவம் மாறிவிட்டது, சிக்னல் பழைய சாலையையே நம்பிக்கொண்டிருக்கிறது. இவ்வளவுதான் சிக்கல். இதற்குத் தீர்வு புதிதும் அல்ல. வரும் வண்டிகளைப் பார்த்துப் பச்சை நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் சிக்னல்களை பிரிட்டனில் 'ஸ்கூட்' என்றும் சிட்னியில் 'ஸ்கேட்ஸ்' என்றும் 1970களிலேயே உருவாக்கிவிட்டார்கள். ஜப்பான் அரசின் உதவி அமைப்பான ஜைக்காவின் நிதியுதவியோடு சென்னைக்கும் இப்படியான திட்டம் தீட்டப்பட்டது. நகரத்திலேயே அதிகம் தோண்டப்படும் சாலைகளுக்கு அது முதலில் வர வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். வேலை முடிந்து, சாலை பளபளவென்று ஆன பிறகு வருவதைவிட, இப்போது வந்தால்தான் பலன் அதிகம்.

ஒரு நடைமுறை விஷயம். பழைய முறையில் தாருக்கு அடியில் கம்பிச் சுருள் பதித்து வண்டிகளை எண்ணுவார்கள். சாலையைச் சுரண்டும் முதல் நாளே அது அறுந்துபோகும். அதோடு, கோடு பார்த்து ஓடாத நம் பைக்குகளை அது சரியாக எண்ணவும் எண்ணாது. தோண்டும் இடத்துக்குக் கம்பத்தில் மாட்டும் கேமராவும் ரேடாரும்தான் சரி. தடுப்பு நகர்ந்தால் அவற்றையும் கழற்றி அடுத்த இடத்தில் மாட்டலாம். சூரியத்தகட்டில் ஓடும் தள்ளுவண்டி சிக்னல்களும் இருக்கின்றன.

அப்புறம், அறிவிப்புப் பலகை. 'மாற்றுப்பாதை' என்ற பலகை இப்போதெல்லாம் திரும்ப வேண்டிய இடத்திலேயே நிற்கிறது. அதைப் படிக்கும்போது நாம் ஏற்கெனவே நெரிசலுக்குள் இருக்கிறோம். போரூரிலிருந்து வடபழனிக்குப் போகிறவருக்கு, போரூர் ரவுண்டானாவுக்கு முன்பே 'ஆற்காடு சாலை வழியாக இத்தனை நிமிடம், மவுண்ட்–பூந்தமல்லி சாலை வழியாக இத்தனை நிமிடம்' என்று மின்பலகையில் காட்டினால் போதும், அவரே முடிவெடுத்துக்கொள்வார். செல்போன் வரைபடம் இருக்கிறதே என்பீர்கள். நேற்று ராத்திரி மூடிய சந்து அதில் எப்போது ஏறும் என்று யாருக்கும் தெரியாது. தடுப்பு வைக்கும் தேதியையும் நேரத்தையும் வரைபட நிறுவனங்களுக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். அதற்குச் செலவே கிடையாது.

மாநகரப் பேருந்துகளில் ஜிபிஎஸ் இருக்கிறது. அறுபது பேரோடு ஒரு பேருந்து சந்திப்பை நெருங்கும்போது பச்சையைப் பத்து நொடி நீட்டினால், பைக்கை வீட்டில் விட்டுவிட்டு வர ஒருவருக்குக் காரணம் கிடைக்கும். ஆம்புலன்சுக்கும் இதே ஏற்பாடு. நான் அதிகம் வேண்டிக்கேட்பது இதைத்தான்.

இதெல்லாம் நடக்க, பொறுப்பு ஒரே இடத்தில் இருக்க வேண்டும். தோண்டுவது ஒருவர், சிக்னல் இன்னொருவர், பேருந்து வேறொருவர் என்று இருக்கும்வரை எந்தக் கருவி வாங்கினாலும் மூலையில்தான் கிடக்கும். ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்: தடுப்பை நகர்த்துகிற இரவே அந்தச் சந்திப்பின் சிக்னல் நேரமும் மாற்றப்பட வேண்டும், மாற்றாமல் வேலை தொடங்கக் கூடாது. மேம்பாலம் போன்ற மற்ற பணிகளுக்கும் இதே விதி.

முழு நகரத்துக்கும் ஒரே நாளில் கேட்கவில்லை. ஆற்காடு சாலையில் ஒரு சந்திப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் செய்து பாருங்கள். முன்னே எத்தனை நிமிடம் ஆனது, இப்போது எத்தனை என்று அங்கேயே ஒரு பலகையில் எழுதிவையுங்கள். நாங்கள் தினமும் அந்த வழியாகத்தான் வருகிறோம், படித்துப் பார்ப்போம்.

இப்படிக்கு,
ஆற்காடு சாலைப் பயணி ஒருவன்