ஜப்பான் வரலாறு, போர்க்கால ஆசியா பாடத்தொகுப்பில் உள்ள பிழைகள் குறித்த புகார்

அனுப்புநர்
வரலாற்றுத் துறை ஆசிரியர்கள்,
கலை அறிவியல் கல்லூரி, தமிழ்நாடு.

பெறுநர்
மேலாளர்,
உயர்கல்விப் பாடநூல் பிரிவு.

பொருள்: முதுகலை வரலாறு விருப்பப் பாடத்துக்கான தொகுப்பு. திருத்திய பதிப்பு அல்லது முழுப் பணத்தையும் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். தங்கள் நிறுவனத்திடம் வாங்கிய இந்தத் தொகுப்பில் பாடநூல், வகுப்புக்கான சிலைடுகள், சான்றாவணக் கோப்பு, வரைபடத் தாள்கள், வினா வங்கி என ஐந்து பகுதிகள் உள்ளன. பாடநூலின் முதல் மூன்று அலகுகளில் எங்களுக்குக் குறை இல்லை. ஜப்பானின் மெய்ஜி காலத்து அரசமைப்பின் 11ஆவது பிரிவு படைகளின் தலைமையைப் பேரரசரிடம் நேரடியாக வைத்ததும், அதனால் அமைச்சரவைக்கு ராணுவத்தின் மீது பிடி இல்லாமல் போனதும் அங்கே தெளிவாகவே சொல்லப்பட்டிருக்கின்றன. 1931க்குப் பிறகுதான் தொகுப்பு தடம் புரள்கிறது. எழுத்துப் பிழைகளை நாங்களே திருத்திக்கொள்வோம். கீழே சொல்பவை அப்படிப்பட்டவை அல்ல.

முதலில் தேதிகள். ஜப்பானிய ஆவணங்கள் பேரரசரின் ஆட்சிக்கால ஆண்டில் தேதியிடப்பட்டவை. ஹிரோஹிதோ காலத்து ஷோவா ஆண்டை நம் ஆண்டாக மாற்ற 1925ஐக் கூட்ட வேண்டும். ஷோவா முதலாம் ஆண்டு 1926 டிசம்பர் 25 அன்று தொடங்கி ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. தங்கள் சான்றாவணக் கோப்பைத் தொகுத்தவர் எல்லா இடத்திலும் 1926ஐக் கூட்டியிருக்கிறார். ஆகவே ஷோவா 12 என்று தேதியிட்ட ஆவணங்கள் எல்லாம் 1938 ஆகிவிட்டன. சீன-ஜப்பானியப் போரைத் தொடங்கிவைத்த மார்கோ போலோ பாலத்து மோதல் 1937 ஜூலை 7. சீனத் தலைநகர் நான்ஜிங் வீழ்ந்தது அதே ஆண்டு டிசம்பர் 13. பாடநூலில் இரண்டும் சரியாக உள்ளன. ஆனால் அந்தக் கோடையில் பிறந்த ராணுவ உத்தரவுகள் ஆவணக் கோப்பில் நான்ஜிங் வீழ்ச்சிக்குப் பிறகு வந்து நிற்கின்றன. காரணம் எது, விளைவு எது என்று ஆவணத்தை வைத்து எழுதச் சொன்னால், கவனமாகப் படித்த மாணவர்தான் தவறாக எழுதுவார். படிக்காமல் பாடநூலை ஒப்பித்தவர் மதிப்பெண் வாங்கிவிடுவார். முந்தைய ஆட்சிக்காலங்களான மெய்ஜிக்கு 1867, தைஷோவுக்கு 1911 எனக் கூட்டியது சரியாகவே இருக்கிறது. எனவே இது ஒரே சூத்திரத்தில் நேர்ந்த பிழை. தங்கள் ஆசிரியர் குழு ஓர் அமர்வில் திருத்திவிடலாம்.

இதைவிட மோசமானது இந்தோனேசிய விடுதலைப் பிரகடனத்தின் படம். ஜாவாவில் ஆக்கிரமிப்புக் காலம் முழுவதும் ஜப்பானியப் பேரரசு ஆண்டே அலுவல் வழக்கில் இருந்தது. அதிலிருந்து 660ஐக் கழித்தால் நம் ஆண்டு கிடைக்கும்: 2602 என்றால் 1942. இந்தோனேசியத் தலைவர்கள் சுகர்னோவும் ஹட்டாவும் கையெழுத்திட்ட பிரகடனத்தில் நாள் 17, மாதம் 8, ஆண்டு வெறும் 05. அதாவது 2605, நமக்கு 1945. தங்கள் கோப்பு அதை ‘1905 ஆகஸ்ட் 17’ என்று அச்சிட்டு, ‘தொடக்கக்கால தேசிய ஆவணம்’ என்று படவிளக்கமும் தந்திருக்கிறது. ஜப்பான் சரணடைவதாக அறிவித்து இரண்டு நாள் கழித்து, விடுதலையை அறிவிக்கும் தாளிலேயே ஜப்பானிய நாட்காட்டி இருக்கிறது. ஆக்கிரமிப்பு அன்றாட வாழ்வுக்குள் எவ்வளவு தூரம் இறங்கியிருந்தது என்பதை விளக்க இந்த ஒரு தாள் போதும். ஒரு முழு வகுப்புக்கு ஆகக்கூடிய சான்றை இப்படிப் பாழாக்கியதை எங்களால் ஏற்க முடியவில்லை.

ஆவணங்களுக்குக் குறியீட்டு எண்ணும் இல்லை. ஆசிய வரலாற்று ஆவணங்களுக்கான ஜப்பானிய மையம் 2001 முதல் மூல ஆவணங்களின் படங்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. அங்கே ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஓர் எண் உண்டு: தேசிய ஆவணக் காப்பகத்தினுடையது ‘ஏ’ எழுத்தில் தொடங்கும், வெளியுறவு அமைச்சகத்தினுடையது ‘பி’, பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தினுடையது ‘சி’. எண்ணைக் கொடுத்திருந்தால் மாணவர் மூலத்தைத் திறந்து தேதியைத் தானே சரிபார்த்திருப்பார். ஜப்பானிய மொழி தெரியாவிட்டாலும் எண்களையும் முத்திரையையும் பார்த்துவிட முடியும்.

1941 டிசம்பர் பற்றிய சிலைடில் ‘பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்கு மறுநாள் மலாயாவில் தரையிறக்கம்’ என்று இருக்கிறது. நடந்தது நேர்மாறானது. மலாயாவின் கோத்தா பாரு கரையில் தரையிறங்கியது பேர்ல் துறைமுகத்தில் முதல் குண்டு விழுவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னால். ஹவாயில் டிசம்பர் 7, மலாயாவில் டிசம்பர் 8 என்பது சர்வதேசத் தேதிக் கோட்டால் வந்த வேறுபாடு மட்டுமே. மாணவர்கள் இதைக் கணக்கிட்டுப் பார்க்கும்போது இன்னொரு சிக்கலும் வரும்: அன்றைய ஹவாய் நேரம் இன்றையதைவிட அரை மணி பின்தங்கியது, மலாயாவும் அப்போது கிரீன்விச் நேரத்திலிருந்து இன்றைய எட்டு மணி நேர வேறுபாட்டில் இல்லை, ஏழரையில் இருந்தது. இன்றைய கடிகாரத்தை வைத்துக் கழித்தால் விடை பிசகும். இதற்கு ஒரு சிறு அட்டவணை தேவை. வரிசை தவறினால் போர் அமெரிக்காவை நோக்கித் தொடங்கி, பிறகுதான் ஆசியாவுக்கு வந்தது என்று மாணவர் மனத்தில் பதிந்துவிடும்.

எங்கள் புகாரில் முதன்மையானது 7ஆவது அலகின் ரயில் பாதை அட்டவணை. ஜப்பானியப் படை போர்க்கைதிகளையும் ஆசியத் தொழிலாளர்களையும் கொண்டு போட்ட அந்தப் பாதை, தாய்லாந்தின் பான் போங் அருகிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். மலாயாத் தீபகற்பத்தைச் சுற்றி ரங்கூனுக்குப் போகும் கடல்வழி நேச நாட்டு நீர்மூழ்கிகளுக்கு இரையாகி வந்ததால், பர்மாவில் இருந்த படைக்குத் தளவாடம் அனுப்பத் தரைவழி வேண்டியிருந்தது. 1942இல் தொடங்கிய வேலை, இரு முனைகளும் 1943 அக்டோபரில் சந்தித்தபோது முடிந்தது. அட்டவணையில் போர்க்கைதிகள் 60,000க்கும் மேல், இறந்தவர்கள் 12,000க்கும் மேல் என்று இருக்கிறது. அது சரி. அத்துடன் அட்டவணை முடிந்துவிடுகிறது. ஆசியத் தொழிலாளர்களுக்கு ஒரு வரிசைகூட இல்லை.

அந்தப் பாதையில் வேலை செய்தவர்களில் பெரும்பான்மையோர் ஆசியத் தொழிலாளர்கள்: பர்மியர், மலாயர், ஜாவானியர், சீனர், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர். அவர்கள் 2 லட்சம் அளவில் இருந்திருக்கலாம் என்பார்கள். இறந்தவர்கள் 70,000, 90,000, அதற்கும் மேல் என்று மதிப்பீடுகள் வேறுபடும். எப்படிப் பார்த்தாலும் இறந்த கைதிகளைவிடப் பல மடங்கு. மலேசியத் தமிழர்கள் இன்றும் அதைச் சயாம் (தாய்லாந்தின் பழைய பெயர்) மரண ரயில் என்றே சொல்கிறார்கள். தமிழில் எழுதி, தமிழ் மாணவர்களுக்கு விற்கும் நூலில் அந்தப் பெயர் ஒரு முறைகூட வரவில்லை.

ஓர் எண்ணைச் சேர்த்துவிட்டால் இது சரியாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு எண் துல்லியமாகவும் இன்னொன்று மங்கலாகவும் இருப்பது ஏன் என்பதுதான் பாடம். கைதிகளுக்குத் தங்கள் படை அமைப்பு குலையாமல் இருந்தது. அதிகாரிகளும் மருத்துவர்களும் கூடவே இருந்தார்கள். பெயர்ப் பட்டியலை ஒளித்து வைத்தாவது காத்தார்கள். தொழிலாளர்களுக்கு அது எதுவும் இல்லை. ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டத்தில் கூலி அற்றுப்போன குடும்பங்களிலிருந்து முதலில் சில மாத வேலை, நல்ல கூலி என்று சொல்லி அழைத்தார்கள். பிறகு பிடித்துக்கொண்டே போனார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா பரவியபோது அவர்களுடைய முகாம்களில் தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொல்லவும் கழிப்பிடம் வெட்ட வைக்கவும் ஆள் இல்லை. காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 கைதிகளுக்குத் தனித்தனிக் கல் இருக்கிறது. தொழிலாளர்களுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. தங்கள் அட்டவணை அந்தப் பதிவேட்டு இடைவெளியை அப்படியே மறுபதிப்பு செய்திருக்கிறது.

இதே குறை நான்ஜிங் படுகொலை பற்றிய சிலைடில் வேறு வடிவில் வருகிறது. ‘இறந்தோர்: 3,00,000’ என்று ஒற்றை எண், யார் சொன்னது என்று இல்லை. அது சீன அரசின் எண். போருக்குப் பின் ஜப்பானியத் தலைவர்களை விசாரித்த தோக்கியோ தீர்ப்பாயம் 2 லட்சத்துக்கு மேல் என்றது. ஜப்பானிய ஆய்வாளர்களிடையே அதைவிடக் குறைவான மதிப்பீடுகளும் உண்டு. எந்தக் காலம்வரை, மதிலுக்குள் மட்டுமா சுற்று மாவட்டங்களையும் சேர்த்தா, சரணடைந்த பின் கொல்லப்பட்ட வீரர்கள் கணக்கில் உண்டா என்ற மூன்று கேள்விகளுக்குத் தரும் விடையைப் பொறுத்து எண் மாறும். இந்த மூன்றையும் பத்திகளாக வைத்தாலே போதும். இல்லாவிட்டால் மாணவர் இணையத்தில் இன்னோர் எண்ணைப் பார்த்ததும் படுகொலையே நடக்கவில்லை என்று மறுப்பவர்களின் கையில் எளிதாகச் சிக்கிக்கொள்வார்.

வரைபடத் தாளில் ஆண்டே இல்லை. தாய்லாந்துக்கும் இந்தோசீனத்துக்கும் பிலிப்பைன்ஸுக்கும் ஒரே சிவப்பு. தாய்லாந்து 1941 டிசம்பர் 21 அன்று ஜப்பானுடன் கூட்டணி ஒப்பந்தம் செய்த நாடு. இந்தோசீனத்தில் ஜப்பானியப் படை 1940 செப்டம்பரிலேயே வடக்கிலும் 1941 ஜூலையில் தெற்கிலும் நுழைந்தது. பிரெஞ்சு நிர்வாகமோ 1945 மார்ச் 9 வரை நீடித்தது. வண்ணம் மூன்று வேண்டும். இந்தியப் பெருங்கடல் பகுதி வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. 1942 மார்ச்சில் அந்தமான் வீழ்ந்தது. ஏப்ரல் 5 கொழும்பு, 6 விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9 திருகோணமலை தாக்கப்பட்டன. நம் கரைக்கு வந்த போர் நம் வரைபடத்தில் இல்லாமல் போகலாமா?

இந்திய தேசிய ராணுவத்தை நேதாஜி 1943இல் தொடங்கியதாக எழுதியிருப்பதைத் திருத்துங்கள். மோகன் சிங் தலைமையில் 1942இலேயே முதல் படை அமைந்து, அந்த ஆண்டு இறுதியில் குலைந்தது. 1943 நவம்பரில் ஜப்பான் தோக்கியோவில் கூட்டிய மகா கிழக்காசிய மாநாட்டில் ‘ஆசிய நாடுகள் அனைத்தும்’ கலந்துகொண்டதாக உள்ள வரியும் தவறு. கொரியா, தைவான், மலாயா, ஜாவா யாருக்கும் அங்கே இருக்கை இல்லை. மலாயாவையும் ஜாவாவையும் ஜப்பானிய ஆட்சிப் பகுதியாகவே வைத்துக்கொள்வது என்று அந்த ஆண்டு மே மாதமே முடிவு செய்திருந்தார்கள்.

தோக்கியோ தீர்ப்பாயத்தில் இருந்த இந்திய நீதிபதி ராதாவினோத் பால் பற்றிய பத்தியை முழுவதுமாக மாற்ற வேண்டும். ‘ஜப்பான் குற்றமற்றது என்று தீர்ப்பளித்தார்’ என்கிறது தங்கள் நூல். 11 நீதிபதிகளில் அவர் ஒருவரே குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவிக்க வேண்டும் என்றவர். போர் தொடுப்பது தனிமனிதக் குற்றம் என்ற சட்டம் அப்போது இல்லை, கூட்டுச்சதி மெய்ப்பிக்கப்படவில்லை என்பவை அவருடைய வாதங்கள். நான்ஜிங் உள்ளிட்ட கொடுமைகள் நடந்ததற்குச் சான்று வலுவாக உள்ளது என்று அதே தீர்ப்பில் எழுதியவரும் அவரே. இந்த இரண்டாம் பாதியை விட்டுவிட்டால், அவர் பெயரைச் சொல்லிப் படுகொலையை மறுப்பவர்களின் வாசகமே பாடநூலில் ஏறிவிடும்.

வினா வங்கியில் ‘இரண்டாம் உலகப் போர் ஆசியாவில் எப்போது தொடங்கியது?’ என்ற வினாவுக்கு விடை 1939. அது ஐரோப்பாவில் தொடங்கிய ஆண்டு. ஆசியாவில் சீனப் போர் 1937 ஜூலையிலேயே தொடங்கிவிட்டது. ‘ஜப்பான் சரணடைந்த நாள்’ என்ற வினாவில் ஆகஸ்ட் 15, செப்டம்பர் 2 இரண்டும் தெரிவுகளாக இருக்க, ஒன்றுக்கு மட்டும் மதிப்பெண். ஒன்று பேரரசரின் வானொலி அறிவிப்பு, மற்றது அமெரிக்காவின் மிசௌரி போர்க்கப்பலில் சரண் ஆவணம் கையெழுத்தான நாள். கேள்வியைத்தான் திருத்த வேண்டும்.

கோப்புகள் யூனிகோடில் இல்லை, பாமினி எழுத்துருவில் உள்ளன. தேடினால் எதுவும் கிடைப்பதில்லை. நகலெடுத்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது. பார்வையற்ற மாணவர்களின் திரைவாசிப்பான் அதைப் படிப்பதே இல்லை.

எங்கள் கோரிக்கை இது. தேதிகளுக்கும் வினா வங்கிக்கும் திருத்தப் பட்டியலை 15 நாட்களுக்குள் அனுப்பி, வாங்கிய எல்லாக் கல்லூரிகளுக்கும் தெரிவியுங்கள். 7ஆவது அலகு, நான்ஜிங் சிலைடு, பால் பற்றிய பத்தி, வரைபடத் தாள் நான்கையும் துறை வல்லுநர் ஒருவரைக் கொண்டு புதிதாக எழுதச் செய்து, யூனிகோடு கோப்புகளாக அடுத்த பருவம் தொடங்கும் முன் கட்டணமின்றித் தாருங்கள். முடியாது என்றால் முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவோம். திருத்தும் பணியில் ஐயம் எழுந்தால் உதவ எங்கள் துறை தயாராக உள்ளது, அதற்கு ஊதியம் வேண்டாம். தொழிலாளர் வரிசை சேர்த்த அட்டவணையின் முன்வரைவை மட்டும் அச்சுக்குப் போகும் முன் எங்களுக்குக் காட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
வரலாற்றுத் துறை ஆசிரியர்கள்

இணைப்பு: விலைப்பட்டியல் நகல், பிழைகள் குறிக்கப்பட்ட பக்கங்கள்.