ரெட்டிகுலோசைட் என்றால் என்ன என்று கேட்டிருந்தாய்

அன்புள்ள மீனா,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் அம்மாவை நினைத்துத்தான் சந்தோஷப்பட்டேன். இரும்புச்சத்து மாத்திரை தொடங்கிப் பத்து நாளில் ரெட்டிகுலோசைட் எண்ணிக்கை ஏறியிருக்கிறது என்றால் எலும்பு மஜ்ஜை வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், ஹீமோகுளோபின் ஏற இன்னும் சில வாரம் ஆகும், அதற்குள் பதறாதே. கடைசியில் "இந்த ரெட்டிகுலோசைட்னா என்ன, உன் வேலைக்கும் அதுக்கும் சம்பந்தம் உண்டா?" என்று கேட்டிருந்தாய். உண்டு மீனா. செல்கள் வெளியே விடும் குட்டிப் பைகளை ஆராயும் எங்கள் துறைக்கு ஆரம்பமே அந்தச் செல்தான்.

அது இளம் சிவப்பணு. உட்கருவை உதறிவிட்டு ரத்தத்துக்குள் வந்திருக்கும், ஆனால் இன்னும் முழுதாக முதிர்ந்திருக்காது. ஹீமோகுளோபின் செய்ய இரும்பு வேண்டுமே, அதை வாங்கிக்கொள்ள டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி என்ற புரதம் அதன் மேலெல்லாம் இருக்கும். ஓரிரு நாளில் அது முதிர்ந்த சிவப்பணு ஆகிவிடும், அப்போது பார்த்தால் அந்த ஏற்பி ஒன்றுகூட இருக்காது. எங்கே போனது? செல்லுக்குள்ளேயே செரித்திருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். 1983இல் மான்ட்ரியலில் ரோஸ் ஜான்ஸ்டோன் குழு ஆட்டின் ரெட்டிகுலோசைட்டுகளிலும், செயின்ட் லூயிஸில் ஃபிலிப் ஸ்டால் குழு எலியின் ரெட்டிகுலோசைட்டுகளிலும் பார்த்தார்கள். ஏற்பி குட்டிப் பைகளில் ஏறி வெளியே போய்க்கொண்டிருந்தது. ஒரு பை சுமார் 50 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரை இருபதாயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு. 1987இல் ஜான்ஸ்டோன் குழு இவற்றை எக்ஸோசோம் என்று அழைத்தது.

அந்தப் பை உருவாகும் விதத்தைப் படம் வரைந்து காட்டினால் உனக்குப் பிடிக்கும், இங்கே வார்த்தையில் சொல்கிறேன். செல்லுக்குள் எண்டோசோம் என்று ஒரு பெரிய பை. அதன் சுவர் உள்பக்கமாகக் குழிந்து, கழுத்து இறுகி, குட்டிப் பையாக அறுந்து அதன் வயிற்றுக்குள்ளேயே விழும். பெரிய பை பிறகு செல் சவ்வோடு ஒட்டித் திறந்தால் குட்டிகள் எல்லாம் வெளியே கொட்டும், செல்லின் செரிமானப் பையான லைசோசோமோடு சேர்ந்தால் எல்லாம் செரிந்துபோகும். எந்தப் புரதம் பைக்குள் ஏறுவது என்பது ஒரு முடிவு, அந்தப் பை எங்கே போவது என்பது வேறொரு முடிவு. இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதும் கட்டுரைகள் நிறைய வருகின்றன, எனக்கு அது உண்மையிலேயே வருத்தம்.

சரி, ஏற்றுவது யார்? ஈஸ்ட்டில் ஸ்காட் எம்ர் குழு 2001, 2002 வாக்கில் கண்டுபிடித்த எஸ்கார்ட் என்ற புரதக் கூட்டம்தான் பாடப்புத்தகப் பதில். யூபிகுவிட்டின் என்ற சின்னப் புரதம் ஒட்டியிருக்கும் சரக்கை அது பிடித்துச் சேர்க்கும், கடைசியில் இழைகளாகச் சுற்றிக் கழுத்தை இறுக்கும். ஆனால் 2008இல், மூளையில் நரம்பு இழைகளைச் சுற்றும் மையலின் உறையைச் செய்யும் செல்வகையில், செராமைடு என்ற கொழுப்பை வைத்து எஸ்கார்ட் இல்லாமலேயே ஒரு புரதம் எக்ஸோசோமில் ஏறுவதைக் காட்டினார்கள். 2012இல் சின்டெனின், அலிக்ஸ் என்ற இரண்டு புரதங்கள் வழியாக இன்னொரு பாதை தெரியவந்தது. ஆக வாசல் ஒன்றல்ல.

எனக்கு மனதை விட்டுப் போகாத விஷயம் நம் ஏற்பியின் கதைதான். சாதாரணமாக அதன் வாலில் ஒரு சின்ன இடத்தை ஏபி2 என்ற புரதம் பிடித்துக்கொள்ளும், அது பிடித்தால் ஏற்பி உள்ளே போய் இரும்பை இறக்கிவிட்டு மறுபடி மேலே வரும், இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். ரெட்டிகுலோசைட் முதிரும்போது ஏபி2 சிதைந்துபோகிறது. பிடித்திருந்த கை விலகியதும், அதே இடத்தை ஹெச்எஸ்சி70, அலிக்ஸ் என்ற வேறு இரண்டு புரதங்கள் பிடிக்கின்றன, பிறகு ஏற்பி எக்ஸோசோமுக்குத்தான் போகிறது. 2004இல் வந்த ஆய்வு இது. ஏற்பியில் புதிதாக எந்த முத்திரையும் வேண்டியிருக்கவில்லை பார், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது மாறியது, அவ்வளவுதான். அதே நேரம் பேண்ட் 3 என்ற புரதம் அந்தப் பைகளில் போவதில்லை. கார்பன் டை ஆக்சைடைச் சுமக்கும் வேலைக்கு 120 நாளும் சிவப்பணுவுக்கு அது தேவை, அதில் ஒரு பங்கு செல்லின் உள்சட்டகத்தோடு கட்டுண்டும் இருக்கிறது. "செல் தேர்ந்தெடுக்கிறது" என்று நாங்கள் எழுதும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டும், பட்டியல் போடுவது அப்புறம்.

பட்டியல் என்றதும் போன வருஷம் நடந்ததைச் சொல்ல வேண்டும். மூன்று மாதம் செல் வளர்த்து, அவை விட்ட பைகளைச் சேர்த்து, புரதப் பட்டியல் எடுத்தோம். அழகான பட்டியல். பிறகு பார்த்தால் அதில் பெரும்பகுதி மாட்டுடையது. செல்லுக்கு உணவாக ஊற்றுகிற கன்றுக்கருவின் சீரத்திலேயே இந்தப் பைகள் ஏராளம், மாட்டுப் புரதத் துண்டும் மனிதத் துண்டும் பல இடங்களில் ஒரே மாதிரி இருப்பதால், மனிதப் புரதங்களோடு மட்டும் ஒப்பிட்ட எங்கள் மென்பொருள் எல்லாவற்றையும் மனிதனுடையது என்றே எண்ணிக்கொண்டது. ஒரு வாரம் எனக்குச் சரியாகத் தூக்கமே இல்லை. இப்போது சீரத்தையே இரவு முழுக்க புவியீர்ப்பைப் போல 100,000 மடங்கு விசையில் சுழற்றிப் பைகளை நீக்கிவிட்டுத்தான் ஊற்றுகிறோம், கடைசி நாட்களில் சீரமே இல்லாமல் வளர்க்கிறோம், மாட்டுப் புரதங்களையும் சேர்த்தே ஒப்பிடுகிறோம். பட்டியல் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது, ஆனால் அதில் உள்ள ஒவ்வொரு பெயரையும் இப்போது என்னால் நம்ப முடிகிறது. டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியும் அதில் இருக்கிறது, அதைப் பார்த்தபோது பழைய சிநேகிதியைப் பார்த்த மாதிரி இருந்தது.

அம்மாவுக்கு மாத்திரையை டீ, காபியோடு கொடுக்காதே, இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. எலுமிச்சைச் சாறோடு கொடு. ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்திவிடாமல், டாக்டர் சொல்லும்வரை தொடரச் சொல். அடுத்த ரிப்போர்ட் வந்ததும் அனுப்பு, ரெட்டிகுலோசைட் வரியை நான் தனியாகப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
கலா