கோவில் காய்கறித் தோட்டம்: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் நம் கோவிலுக்குப் பின்னால் 12 மேட்டுப்பாத்திகள், வேலி, மழைநீர்த் தொட்டி எல்லாம் முடிந்துவிட்டன. 1860இல் மதராசிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பன் வந்த ட்ரூரோ கப்பலைப் பற்றி அரைப்பக்கம் எழுதச் சொன்னார் தலைவர். கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்தபின் காய்கறி போட்டுப் பிழைத்தவர்களின் வம்சம் நாம். அதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் கேட்பது ஒன்றுதான்: மண்ணுக்கு 6,500 ராண்டு என்றீர்களே, 14,200 எப்படி ஆயிற்று?

ஒப்பந்தக்காரரிடம் பேசியது மேல்மண். ஜனவரியில் இரண்டு லாரி வந்து கொட்டிப்போனது வீடு கட்டத் தோண்டிய அடிமண். முளைத்த பீன்ஸ் சாண் உயரத்தில் மஞ்சளாகி நின்றுவிட்டது. சனிக்கிழமை வகுப்பு எடுக்கும் ஆயா ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்துவிட்டு, "இதுல உசுரே இல்லப்பா" என்றார். அப்புறம் ஜாம் பாட்டிலில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்தோம். நல்ல தோட்டமண்ணில் மணல் சட்டென்று அடியில் தங்கும், மேலே மக்கு மிதக்கும். இதில் ஒரு துரும்புகூட மிதக்கவில்லை. மறுநாளும் தண்ணீர் செம்மண் குழம்பாகவே இருந்தது. அடியில் செங்கல் துண்டு.

பாட்டிலோடு ஒப்பந்தக்காரரிடம் போனேன். "செடிக்கு என்ன தெரியும் சார்" என்றார். பணம் திரும்பவில்லை. முழுத்தொகையையும் முன்னதாகக் கொடுத்தது செயற்குழுவின் தவறு, ஒப்புக்கொள்கிறோம்.

மீதி 7,700 கம்போஸ்டுக்கும் மக்கிய கோழி எருவுக்கும் போனது. பச்சை எரு மலிவுதானே என்று கேட்டவர்களுக்கு: அது வேரைச் சுட்டுவிடும். இரண்டு மாதம் ஆறப்போட்டு ஏப்ரலில் விதைத்தோம். தாமதம் என்று முணுமுணுத்தீர்கள். டர்பனில் கொத்தமல்லிக்குக் குளிர்காலம்தான் சரி. கோடையில் போட்டால் இலை பறிப்பதற்குள் பூத்துவிடும்.

முள்ளங்கி, பீன்ஸ், கீரை அறுவடையாயிற்று. வேலி குரங்கைத் தடுக்கவில்லை.

பெயர்ப் பலகையால் சென்ற முறை வந்த சண்டை போதும் என்பதால் நன்கொடையாளர் பெயர்கள் இல்லை. தொட்டி தந்த மளிகைக்கடைக்காரர், கம்பிவலை தந்த இரண்டு அண்ணன் தம்பிகள், விதை தந்த பஜனைக் குழுப் பெண்கள், வாராவாரம் டீயும் வடையும் தந்த மூலைவீட்டு அக்கா, பப்பாளிக் கன்று ஆறு தந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் அனைவருக்கும் நன்றி. ஆறில் நான்கு ஆண் மரம், சார்.

கையிருப்பு 312 ராண்டு. மண்வெட்டி இரண்டைக் காணவில்லை. எடுத்தவர் ராத்திரியாவது கொண்டுவந்து வைத்துவிடவும்.

— செயலாளர்