கோகன் வரைந்தது தஹிதியை அல்ல

அன்புள்ள கயல்,

பாஸ்டன் மியூசியத்தில் பிரெஞ்சு ஓவியர் பால் கோகனின் அந்தப் பெரிய ஓவியத்தைப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி ஆளோட படத்தை ஏம்மா இன்னும் மாட்டி வச்சிருக்காங்க?" என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் பாதியிலேயே சண்டையாகிவிடும். அதனால் எழுதுகிறேன்.

ஆள் யோக்கியன் என்று நான் வாதாடப் போவதில்லை. 1882 பங்குச்சந்தைச் சரிவுக்குப் பிறகு வேலை போனது. மனைவியும் ஐந்து பிள்ளைகளும் கோபன்ஹேகனில் இருக்க, 1891-இல் இவர் பசிபிக் தீவான தஹிதிக்குக் கப்பல் ஏறினார். அங்கே நாற்பதைத் தாண்டியவர், அவரே எழுதியபடி 13 வயதுச் சிறுமியைத் துணையாக வைத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் அப்படித்தான் என்று சமாதானம் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பாது.

ஆனால் "தஹிதி மக்களைக் காட்டுவாசிகளாகக் காட்டிவிட்டார்" என்று எழுதியிருக்கிறாயே, அங்கேதான் நான் உன்னோடு முட்டுகிறேன். அவர் தஹிதியைக் காட்டவே இல்லை.

அவர் போய் இறங்கியபோது அது பிரெஞ்சுக் காலனி. பாதிரிமார்கள் வந்து கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆகியிருந்தது. பெண்கள் கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடிய கவுன் போட்டிருந்தார்கள். நாகரிகம் தொடாத சொர்க்கத்தைத் தேடிப் போனவருக்கு அது கிடைக்கவில்லை. சரி, நாமே ஒன்றைச் செய்துகொள்வோம் என்று இறங்கிவிட்டார். அவர் கையோடு கொண்டுபோனவற்றில் ஜாவாவின் பழைய பௌத்தக் கோயிலான போரோபுதூரின் சிற்பப் புகைப்படங்கள் இருந்தன. 1891-இல் மாதாவைத் தஹிதிப் பெண்ணாக வரைந்தாரே, அதில் கைகூப்பி நிற்கும் இருவர் அந்தப் புகைப்படத்திலிருந்து வந்தவர்கள். பழைய தெய்வங்களின் கதைகளைத் துணைவி சொல்லிக் கேட்டதாகப் பயணக்குறிப்பில் எழுதினார். உண்மையில் பெரும்பகுதி, மோரன்ஹவுட் என்ற ஐரோப்பியர் 1837-இல் வெளியிட்ட புத்தகத்திலிருந்து எடுத்தது. நீ பார்த்த ஓவியத்தின் இடது ஓரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்கும் கிழவியும் தஹிதிக்காரி இல்லை. பாரீஸ் அருங்காட்சியகத்தில் இருந்த பெரு நாட்டு மம்மி ஒன்றின் உட்காரும் விதம் அது.

ஜாவா, எகிப்து, பெரு, பாலினேசியா எல்லாவற்றையும் 'ஆதி மனிதர்' என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதுதான் பிரிமிட்டிவிசம் என்ற கலைப்போக்கின் அடிப்படைக் கோளாறு. போரோபுதூரைக் கட்டியவர்களா ஆதி மனிதர்கள்? சொந்த ஊர் சலித்துப்போன பாரீஸ்காரர்களின் ஏக்கம் அது. 1907-இல் பிக்காஸோவும் அதே அருங்காட்சியகத்தில் ஆப்பிரிக்க முகமூடிகளைப் பார்த்து அசந்துபோனார். அதைச் செதுக்கியவர் யார் என்று கேட்டவர்கள் குறைவு. 1984-இல் நியூயார்க்கில் இரண்டையும் சேர்த்துப் பெரிய கண்காட்சி வைத்தபோதுகூட, ஐரோப்பிய ஓவியங்களுக்கு வருஷம் போட்டவர்கள் முகமூடிகளுக்குப் போடவில்லை என்று விமர்சகர்கள் சண்டைக்குப் போனார்கள்.

டிராயிங் டீச்சராக எனக்குச் சிரிப்பு வருகிற ஒரு விஷயமும் உண்டு. மாடல் இல்லாமல், முன் தயாரிப்பு இல்லாமல், வெறிபிடித்த மாதிரி ஒரே மாதத்தில் கோணித்துணியில் நீ பார்த்த ஓவியத்தைத் தீட்டியதாகக் கோகன் எழுதினார். ஆனால் கட்டம் போட்ட முன்வரைவு ஒன்று இருக்கிறது! என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் காந்தி படத்தைப் பெரிதாக்குவார்களே, அதே கட்டம்தான். காட்டு மனிதனாக வேஷம் போட்டாலும் கை என்னவோ தேர்ந்த தொழில்காரனின் கை. அந்த மஞ்சள் உடம்புகளைச் சுற்றி நீலத்தையும் பச்சையையும் இருட்டாக ஓடவிட்டிருக்கிறாரே, அந்தத் துணிச்சல் வேஷமில்லை.

இன்னொன்று. 1897 ஜனவரியில் அவருடைய மகள் அலீன் 19 வயதில் நிமோனியாவில் இறந்தாள். கடிதம் தஹிதிக்கு வந்து சேர ஏப்ரல் ஆகிவிட்டது. அந்த வருஷக் கடைசியில்தான் 'எங்கிருந்து வருகிறோம், நாம் யார், எங்கே போகிறோம்' என்று மூலையில் எழுதி இந்த ஓவியத்தைத் தொடங்கினார். விட்டுவிட்டுப் போன அப்பாவுக்கு அழ உரிமை உண்டா என்று நீ கேட்பாய். எனக்குக் கோபமும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

படம் அங்கேயே தொங்கட்டும் என்பேன். ஆனால் பக்கத்துக் குறிப்பில் போரோபுதூரும் மம்மியும் அந்தச் சிறுமியின் வயதும் இருக்க வேண்டும். அடுத்த முறை போகும்போது அங்கே என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்.

அன்புடன்,
அம்மா