எட்டுப் பலகையில் இரண்டாவது

அன்புள்ள கண்ணா,

நேற்று உன் அக்காவும் நானும் நிக்கோ என்கிற ஜப்பானிய மலையூருக்குப் போய் வந்தோம். அக்கா வேலைக்குக் கிளம்பிய கையோடு அவள் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நாம் இரண்டு பேரும் கொஞ்ச நாளாகப் போனில் எதை ஆரம்பித்தாலும் அது அந்த ஒரு விஷயத்தில் போய்த்தான் முட்டிக்கொள்கிறது. எழுதினால் முழுதாகச் சொல்லி முடிக்கலாம்.

டோக்கியோவில் அசகுசா ஸ்டேஷனில் ஏறினால் இரண்டு மணி நேரப் பயணம். இறங்கும்போதே வாயிலிருந்து மூச்சு புகையாக வந்தது. அக்கா தன் சால்வையையும் என் மேல் சுற்றிவிட்டாள். மலைப்பாதை முழுக்க சுகி என்கிற ஊசியிலை மரங்கள். நம் சவுக்கு மாதிரி நேராக வளர்ந்திருக்கின்றன, ஆனால் இரண்டு பேர் கை கோத்தாலும் அடங்காத பருமன். அடியெல்லாம் பாசி. வெயில் அங்கங்கே காசு காசாக விழுந்து கிடந்தது.

நாங்கள் பார்த்தது தோஷோகு என்கிற கோயில், ஜப்பானியர்களின் பழைய மதமான ஷிண்டோவைச் சேர்ந்தது. அங்கே தெய்வமாக இருப்பவர் தொகுகாவா இயேயாசு. நூறு வருஷத்துக்கும் மேலாகத் தங்களுக்குள் அடித்துக்கொண்டிருந்த நாட்டை ஒரே ஆட்சிக்குள் கொண்டுவந்தவர். அவர் இறந்தது 1616-இல், அடுத்த வருஷமே இந்த மலையில் கோயில் எழுந்துவிட்டது. இன்றைக்கு நாம் பார்க்கும் பொன்னும் வண்ணமுமான கோயில் அவருடைய பேரன் இயேமித்சு 1636-இல் கட்டி முடித்தது. ஒன்றரை வருஷத்துக்குள் இத்தனை வேலையையும் முடித்திருக்கிறார்கள். தாத்தா மேல் அந்தப் பேரனுக்கு அவ்வளவு பற்று. தன் சமாதியையும் அதே மலையில், தாத்தாவின் கோயிலைப் பார்த்த மாதிரி வைக்கச் சொல்லியிருக்கிறார்.

உள்ளே நுழைந்ததும் மேலே ஒரு சுவரைக் காட்டி, "அம்மா, அது என்னன்னு சொல்லு" என்றாள் அக்கா. மரத்தில் செதுக்கி வண்ணம் தீட்டிய இரண்டு மிருகங்கள். தும்பிக்கை இருக்கிறது, தந்தம் இருக்கிறது. ஆனால் காது யானைக்காது இல்லை, வாலும் வேறு எதனுடைய வாலோ. வரைந்து கொடுத்தவர் கானோ தான்யூ என்ற பெரிய ஓவியர். அவர் யானையைக் கண்ணால் பார்த்ததே இல்லையாம். கேள்விப்பட்டதை வைத்து மனதில் உருவாக்கியிருக்கிறார். தெருவில் யானை வந்தால் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்க் காட்டியவள் நான். எனக்கு அந்த யானைகளின் மேல் பாசமே வந்துவிட்டது. பார்க்காத ஒன்றை எவ்வளவு ஆசையாக நினைத்துப் பார்த்திருந்தால் இப்படிச் செதுக்க முடியும்!

அதற்கு எதிரிலேயே குதிரை லாயம். சாமிக்கு விட்ட குதிரைக்கானது. சுற்றிலும் பொன்னும் அரக்குப் பூச்சுமாக இருக்க, இது மட்டும் பூச்சே இல்லாத வெறும் மரக்கட்டடம். குரங்கு குதிரையைக் காக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை, அதனால் உத்தரத்துக்குக் கீழே வரிசையாகக் குரங்குச் சிற்பங்கள். காந்தி தாத்தா வைத்திருந்த மூன்று குரங்கு பொம்மை ஞாபகம் இருக்கிறதா? உன் பள்ளிக்கூடச் சுவரில்கூட வரைந்திருந்ததே. உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த அந்த மூன்று குரங்குகள் இங்கே இருக்கின்றன. ஜப்பானிய மொழியில் குரங்குக்கு சாரு என்று பெயர். செய்யாமல் இருப்பதைச் சொல்லும் விகுதியும் கிட்டத்தட்ட அதே மாதிரி ஸாரு என்று ஒலிக்கிறது. மிஸாரு, கிகாஸாரு, இவாஸாரு. பார்க்காமல், கேட்காமல், பேசாமல்.

கூட்டம் அந்த மூன்றைப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துகொண்டே இருந்தது. நானும் நகர்ந்திருப்பேன். அக்காதான் கையைப் பிடித்து நிறுத்தி, "மொத்தம் எட்டுப் பலகைம்மா, இது இரண்டாவது" என்றாள். எட்டும் சேர்ந்து ஓர் ஆயுசின் கதையாம்.

முதல் பலகையில் ஒரு தாய்க்குரங்கும் குட்டியும். தாய் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு தூரத்தில் எதையோ பார்க்கிறது. குட்டியின் வருங்காலத்தைப் பார்க்கிறது என்கிறார்கள். குட்டி அந்தத் தூரத்தைப் பார்க்கவில்லை, அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அடுத்தது நமக்குத் தெரிந்த மூன்று. சின்ன வயசில் கெட்டதைப் பார்க்காமல், கேட்காமல், பேசாமல் வளர வேண்டும் என்பதற்காக. மூன்றாவதில் தனியாக ஒரு குரங்கு, எழுந்து நிற்கப் போகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறது. நான்காவதில் வானத்தை அண்ணாந்து பார்க்கும் இளவயசுக் குரங்குகள். ஆறாவது காதல், ஏழாவது கல்யாணமான இரண்டு பேர் அலைக்கு முன்னால், எட்டாவது வயிற்றில் குழந்தை. அங்கிருந்து கதை திரும்பவும் முதல் பலகைக்குப் போய்விடும்.

ஐந்தாவதை வேண்டுமென்றேதான் விட்டேன். அதில் ஒரு குரங்கு விளிம்பில் உட்கார்ந்து கீழே குனிந்து பார்க்கிறது. மேலே பார்த்ததெல்லாம் கைகூடாமல் போன நேரம். பக்கத்தில் இன்னொரு குரங்கு அதன் முதுகில் கையை வைத்திருக்கிறது. அவ்வளவுதான் அந்தப் பலகையில் இருப்பது. அந்தக் கையை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்து வலிக்க ஆரம்பித்த பிறகும் நகர மனசு வரவில்லை.

கண்ணா, நான் உனக்குத் தினமும் சொல்லி அனுப்பியது என்ன? கண்டதைப் பார்க்காதே, கண்டவன் பேச்சைக் கேட்காதே, எதிர்த்துப் பேசாதே. ஆறு வயசில் சொன்னேன், சரி. ஆராய்ச்சிப் படிப்பில் உன்னை எப்படி நடத்துகிறார்கள் என்று இரண்டு வருஷமாக நீ சொல்ல வந்தபோதெல்லாம் அதையேதான் சொன்னேன். பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே, பொறுத்துப் போ என்றேன். இருபத்தெட்டு வயசுப் பிள்ளையை இரண்டாவது பலகையிலேயே உட்கார வைத்திருந்தேன். படிப்பை நிறுத்திவிட்டேன் என்று நீ சொன்ன ராத்திரி என் வாயில் முதலில் வந்தது, ஊரில் கேட்டால் என்ன சொல்வது என்பதுதான். நீ ஒன்றும் பேசவில்லை. போன் கட்டாகிவிட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்று கத்தினேனே, அந்த மௌனம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

சரி, மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். யோமெய்மோன் என்று ஒரு வாசல். 500-க்கு மேல் சிற்பங்கள், டிராகன், குழந்தைகள், முனிவர்கள், பூக்கள். பொழுது சாயும் வரை பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றுவதால் அந்திவரை வாசல் என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. வெள்ளையடித்த பன்னிரண்டு தூண்கள், எல்லாவற்றிலும் ஒரே சுழி வடிவம். வாசலைக் கடந்து திரும்பிப் பார்த்தால் ஒரே ஒரு தூணில் மட்டும் அந்தச் சுழி தலைகீழாக இருக்கிறது. தவறு நேர்ந்துவிட்டதோ என்று நினைத்தேன். தெரிந்தே செய்ததாம். முழுசாக முடிந்துவிட்ட கட்டடம் அன்றைக்கே இடியத் தொடங்கும், அதனால் ஒன்றைக் குறையாக விட்டுவைத்தால் தீங்கு அண்டாது என்பது நம்பிக்கை. அதை எனக்கு யாரும் விளக்கவே வேண்டாம். உன் கன்னத்தில் எத்தனை நாள் மையால் திருஷ்டிப் பொட்டு வைத்திருப்பேன்! கிட்டப் போய் அந்தச் சுழியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா என்னைப் படம் எடுத்திருக்கிறாள், அனுப்புவாள்.

அப்புறம் தூங்கும் பூனை. பெரிதாக எதிர்பார்த்துப் போனால் கண்ணில் படாமலே தாண்டிவிடுவோம், ஒரு சாண் இருந்தால் அதிகம். அதன் பின்பக்கத்தில் சிட்டுக்குருவிகள் பயமில்லாமல் ஆடிக்கொண்டிருக்கின்றன. சண்டை ஓய்ந்த நாடு என்று அர்த்தம் சொல்கிறார்கள். அங்கிருந்து மேலே 207 கல்படிகள். முட்டிக்குப் பயந்து வேண்டாம் என்றாள் அக்கா. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று ஏறிவிட்டேன். உச்சியில் இயேயாசுவின் சமாதி. கீழே அத்தனை ஜொலிப்பைப் பார்த்துவிட்டு வந்தால், இங்கே வண்ணமே இல்லாத ஒரு வெண்கலக் கோபுரம், சுற்றிலும் மரம். பேச்சுச் சத்தம்கூட இல்லை. அந்த இடத்தில் உன் பெயரைச் சொல்லிக் கும்பிட்டேன். பாஸாக வேண்டும், வேலை கிடைக்க வேண்டும் என்றெல்லாம் எதுவும் கேட்கவில்லை. பெயரை மட்டும் சொன்னேன்.

மதியம் யூபா சாப்பிட்டோம். சோயாப் பாலைக் காய்ச்சும்போது மேலே படியும் ஆடையை எடுத்துச் சமைப்பது. வாயில் வைத்ததும், பாலாடைக்காக நீயும் அக்காவும் போட்ட சண்டைதான் எங்கள் இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது.

நான் பதினெட்டாம் தேதி ஊருக்கு வந்துவிடுவேன். அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்க மாட்டேன், நீயாகச் சொல்லும்போது கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்கு ராத்திரி உன் ரூமில் இருக்கும் பையன்தான் விடிய விடிய கூட உட்கார்ந்திருந்தான் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறாய். போன தடவை வந்தபோது அவன் மாவடுவை மட்டுமே தொட்டுக்கொண்டு மூன்று தட்டுத் தயிர்சாதம் சாப்பிட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஜாடியில் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. போனதும் புனேக்கு கூரியரில் அனுப்புகிறேன். அவனுக்கு என்று தனி டப்பாவில் போட்டு அனுப்புவேன், நீ அதில் கை வைக்காதே.

அன்புடன்,
அம்மா