'தினம் கொஞ்சம் கூட்டி நடங்கள்' என்று இனிச் சொல்லாதீர்கள்

பிரிட்டனில் ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவர்களாகவும் மருத்துவமனைகளிலும் பணிபுரியும் தமிழ் மருத்துவர்களுக்கு,

வணக்கம். எம்.இ. என்றும் நாள்பட்ட களைப்பு நோய் என்றும் சொல்லப்படும் நோய்க்கு, படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையை சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021 அக்டோபரிலேயே கைவிட்டுவிட்டது. ஆனாலும் 'டெஸ்ட் எல்லாம் நார்மல், மனசைத் தேற்றிக்கொண்டு நடங்கள்' என்ற ஆலோசனை நின்றபாடில்லை. உங்களில் பலர் பழைய பாடத்தைப் படித்துத் தேர்வெழுதியவர்கள். அந்தப் பாடம் வந்த வழியைப் பாருங்கள்.

1955இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் 292 ஊழியர்கள் இந்த நோய்க்கு ஆளானார்கள். 255 பேரை வார்டில் சேர்க்க வேண்டியிருந்தது. அங்கேயே பணியாற்றிய தொற்றுநோய் மருத்துவர் மெல்வின் ராம்சே இதை உடல்நோய் என்றே கடைசிவரை சொன்னார். 1970இல் மெக்கீவ்டி, பியர்ட் என்ற இரு மனநல மருத்துவர்கள், ஒரு நோயாளியையும் நேரில் பார்க்காமல், பழைய கேஸ் ஷீட்டுகளை வைத்தே 'கூட்டு ஹிஸ்டீரியா' என்று எழுதினார்கள். பெண்களை அதிகம் தாக்கியதும் அவர்கள் காட்டிய சான்றுகளில் ஒன்று. அப்படியானால் பெண்களையே அதிகம் தாக்கும் லூபஸ் என்ற உடல்நோயும் ஹிஸ்டீரியாதான்! இத்தனைக்கும் உலக சுகாதார நிறுவனம் அதற்கு முந்தைய ஆண்டே இதை நரம்பு மண்டல நோய்களில் சேர்த்திருந்தது.

அடுத்தது 641 பேரைக் கொண்டு நடந்து, 2011இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான, இந்த நோய்க்கான சிகிச்சைகளை ஒப்பிட்ட பேஸ் ஆய்வு. நோயாளி உழைக்கப் பயப்படுகிறார், அதனால் உடல் தளர்ந்துவிட்டது என்பதே உடற்பயிற்சிச் சிகிச்சைக்கும், சி.பி.டி. என்ற பேச்சுவழி மனநலச் சிகிச்சைக்கும் அடியில் இருந்த கருத்து. உடல் செயல்திறனை 100க்கு மதிப்பிடும் கேள்வித்தாளில் 65 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் ஆய்வில் சேர முடியும். குணமானதாகக் கொள்ள 85 வேண்டும் என்பது முதலில் போட்ட திட்டம். பிறகு அதை 60 ஆக்கினார்கள். 65இல் நுழைந்து 60க்கு இறங்கியவரும் அந்த ஓர் அளவுகோலில் தேறிவிடுவார். 2016இல் தகவல் உரிமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகே, ஆய்வை நடத்திய குயின் மேரி பல்கலைக்கழகம் தரவை வெளியிட்டது. பழைய திட்டப்படி கணக்கிட்டபோது, இரு சிகிச்சைகளிலும் 22 சதவீதம் குணம் என்றிருந்தது சி.பி.டி.யில் 7, உடற்பயிற்சியில் 4 என்று சுருங்கியது. வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களில் அது 3.

இனி உங்கள் அறைக்கு வருவோம். 'களைப்பாக இருக்கிறதா?' என்ற கேள்வி போதாது. 'ஒரு வேலை செய்தால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் எப்படி இருக்கிறது?' என்று கேளுங்கள். உழைப்புக்குப் பிறகு உடல்நிலை மோசமாகும் இந்த நோயின் சரிவு பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்தே வரும். அதனால்தான் அன்றைக்கு நன்றாக நடந்து வந்தவரைப் பார்த்து ஏமாந்துபோகிறோம். பெரியவர்களில் அறிகுறிகள் 6 வாரம் நீடித்தால் நோயைச் சந்தேகிக்கலாம், 3 மாதத்தில் உறுதிசெய்யலாம்.

நின்றால் தலைசுற்றுகிறது என்பவரை 10 நிமிடம் படுக்கவைத்து, நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் எடுங்கள். பிறகு குதிகால் சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளியிருக்க, தோளை மட்டும் சாய்த்து நிற்கச் சொல்லி, 10 நிமிடமும் நிமிடத்துக்கொரு முறை குறித்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம் விழாமல் துடிப்பு மட்டும் 30 கூடி அப்படியே நின்றால் பாட்ஸ், அதாவது நின்றால் இதயத்துடிப்பு அளவுமீறி ஏறும் கோளாறு, இருக்கலாம். இரண்டே நிமிடத்தில் நிறுத்தினால் பலரைத் தவறவிடுவீர்கள். மயக்கம் வந்தால் உடனே படுக்கவையுங்கள். இந்தச் சோதனையே சிலருக்குச் சரிவைக் கொண்டுவரும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வாரத்துக்கு இவ்வளவு என்று கூட்டிக்கொண்டே போகும் அட்டவணை வேண்டாம். உடலில் இருக்கும் தெம்பின் கையிருப்புக்குள் செலவு செய்யப் பழக்குங்கள். கூடவே மனச்சோர்வு இருந்தால் அதற்கும் வைத்தியம் செய்யுங்கள், அதுதான் காரணம் என்று மட்டும் எழுதாதீர்கள். சி.பி.டி. கேட்பவருக்குக் கொடுக்கலாம், குணமாக்கும் மருந்தாக அல்ல.

உடல்நலக் குறைவோ இயலாமையோ உள்ளவர்களுக்கான பி.ஐ.பி. அரசு உதவித்தொகைக்குக் கடிதம் எழுதும்போது '200 மீட்டர் நடக்கிறார்' என்று முடித்துவிடாதீர்கள். அதே தூரத்தை அன்றே மீண்டும் நடக்க முடியுமா, மறுநாள் முடியுமா என்பதையும் எழுதுங்கள். விதிப்படி திரும்பத் திரும்பச் செய்ய முடிவதுதான் கணக்கு.

இப்படிக்கு,
எம்.இ. நோயாளிகளும் பராமரிப்பவர்களும்